சத்து மாத்திரை

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் தீர வேண்டும். போன வாரம் உங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அறைக்கு வெளியே ஒரு தடித்த ஆள் மயங்கி விழுந்தானே, விழும்போது பக்கத்தில் இருந்த பூந்தொட்டியையும் கட்டிப்பிடித்துக்கொண்டு போனானே, நர்சுகள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்களே, அது உன் அண்ணன்தான்.

நீ நினைக்கிற மாதிரி நான் வராமல் இருக்கவில்லை. வந்தேன். கண்ணாடி வழியாக உன் மகள் சுண்டெலியின் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்தேன். அடுத்தது நான் பார்த்தது மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி. நெற்றியில் தையல் போட்டார்கள். நாளெல்லாம் பஸ் சீட்டும் சினிமா கொட்டகை நாற்காலியும் தைக்கிறவன் நான், அந்தத் தையலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்னங்க, இவ்வளவு தூரம் தூரமா போட்டிருக்கீங்க, பஞ்சு வெளியே வந்துடாது?" என்று கேட்டேன். பெயர் எழுதி, போட்டோ எடுத்து, கட்டிலில் படுக்க வைத்து, ஜூஸ் கொடுத்து அனுப்பினார்கள். நோயாளியைப் பார்க்க வந்தவனே நோயாளி ஆன முகத்தோடு உன் முன்னால் வந்து நிற்க எனக்குத் தெம்பில்லை. அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அடைக்க முடியாது. அஞ்சாம் வகுப்போடு மூடி வைத்த பேனாவை அதனால்தான் திறந்திருக்கிறேன். இதைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பாதே. பிழை திருத்த அச்சகத்தில் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நான் கொடுக்க மாட்டேன்.

அதற்கு முன்னால் நீ கோபப்பட்டாயே, அந்த எலி விஷயம். டாக்டரம்மா பெரிய முகத்தை வைத்துக்கொண்டு, "இந்த வைத்தியத்தை முதல்ல எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தோம்" என்றார். எதிரே உட்கார்ந்திருக்கிறவளைப் பிறந்த நாளிலிருந்து சுண்டெலி என்றுதான் கூப்பிடுகிறோம். என் வாய் சும்மா இருக்குமா? "அப்ப கவலையே இல்ல டாக்டர், இதுவும் நம்ம வீட்டு எலிதான்" என்றேன். பிள்ளை சிரித்தாள். டாக்டரம்மாவும் சிரித்தார். நீ மட்டும் கதவைக் காட்டினாய். போனேன்.

இன்னும் எத்தனை நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாய்? அவளுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. திருத்தவில்லை. அவ்வளவு மை இங்கே இல்லை.

நீ வந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உள்ளே விட்டிருப்பேனா என்பதும் தெரியாது. அவள் சிரித்தாள் என்று எழுதியிருக்கிறாய். நீ போன பிறகு அவள் கேட்டது உனக்குத் தெரியாது. "அந்த எலியெல்லாம் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லட்டும்? நீ சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவாய். மிச்சத்துக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேட்டிருக்கிறாய், சொல்கிறேன். தொடை எலும்பில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்து உலோகம் வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் மருந்து ஏற்றினார்கள். முடி போயிற்று. நோய் போகவில்லை. நுரையீரலில் மூன்று புள்ளிகளாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு எலும்பிலும் சதையிலும் வருகிற இந்த வகைக் கட்டிகளை உடம்பின் காவல் அணுக்கள் கண்டுகொள்வதே இல்லையாம். எதிரே வந்தாலும் யாரோ என்று போய்விடுகின்றனவாம். அதனால் அவளுடைய ரத்தத்தை ஓர் இயந்திரத்தில் ஓடவிட்டு, அந்த வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குக் கட்டியின் அடையாளத்தைக் கற்றுக்கொடுப்பார்கள். பெருக வைத்து, திரும்ப அவள் உடம்பிலேயே விடுவார்கள். ரத்தப் புற்றில் இது நன்றாக வேலை செய்திருக்கிறது. எலும்புக் கட்டியில் இன்னும் சோதனைதான். டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை. "நிறைய பேருக்குப் பலிக்கலம்மா. சிலருக்குக் கொஞ்ச காலம் நிக்குது. வேற வழி இருந்தா நானே இதைச் சொல்ல மாட்டேன்" என்றார்.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவர்கள் கொடுப்பதைத் தவிர வேறு எந்த மருந்தும் கூடாது என்றும் அதில் இருக்கிறது. இப்போது இருக்கிற தடை அவளுடைய எடை. இன்னும் இளைத்தால் அந்த இயந்திரத்தில் போட உடம்பு தாங்காது, இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அவள் சாப்பிடுவதில்லை. ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். கெஞ்சிவிட்டேன், அதட்டிவிட்டேன், எதிரே உட்கார்ந்து அழுதும் பார்த்துவிட்டேன்.

நீ முதுகுவலிக்குப் போட்டுக்கொள்வாயே, காகிதப் பொட்டலத்தில் வாங்குகிற சின்ன வெள்ளை மாத்திரை. அதைப் போட்ட நாட்களில் அடுத்தவர் தட்டையும் சேர்த்துச் சாப்பிடுவாய். அதில் கொஞ்சம் அனுப்பு. புதன்கிழமை எங்கள் அச்சக வேன் உன் கடைப் பக்கம் வருகிறது. டிரைவரிடம் கொடு.

வேறொன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

தங்கை


பிப்ரவரி 13

தங்கச்சிக்கு,

பொட்டலத்தை டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அதை மோந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது?" என்றார். "பசி" என்றேன். அவர் உடனே வண்டியை எடுத்துவிட்டார்.

மாத்திரையின் குணத்தை நீ சொன்னது சரி. முதல் நாள் முதுகுவலி ஓடிவிடும். இரண்டாம் நாள் நான் சமையலறையை விட்டு வெளியே வர மாட்டேன். ஒருமுறை கடைக்கு வந்த வாடிக்கையாளர் மேசையில் வைத்திருந்த ரொட்டியை, அவர் சீட்டுத் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தின்றுவிட்டேன். தைத்த கூலியில் கழித்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. எனக்கு இதைக் கொடுப்பவர் டாக்டர் இல்லை, மருந்துக் கடைக்காரர். என்ன மாத்திரை என்று கேட்டால் "நல்ல மாத்திரை" என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடு. கேட்கக் கூச்சமாக இருந்தால் என் தலையை உருட்டு. "எங்க அண்ணன் ஒரு கிறுக்கன், இதைக் கொடுக்கலாமான்னு கேக்கிறான்" என்று சொல்லிக் கேள். எனக்குப் பழக்கம்தான்.

காவல் அணு விவகாரம் புரிந்துவிட்டது. வாட்ச்மேன் கையில் திருடனுடைய போட்டோவைக் கொடுத்து, "இவன் வந்தா விடாதே" என்று சொல்வதுதானே? இதைச் சொல்ல டாக்டரம்மா அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

சுண்டெலியிடம் சொல்: அந்த எலிகள் எல்லாம் ஓய்வு வாங்கிக்கொண்டு எங்கள் கடைப் பஞ்சு மூட்டையில்தான் குடியிருக்கின்றன. வாரம் ஒரு சீட்டைத் தின்கின்றன.

உன் அண்ணன்


பிப்ரவரி 24

அண்ணா,

சாப்பிடுகிறாள்.

அவ்வளவுதான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சூப், அப்புறம் என் ரொட்டி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "ஏம்மா அப்படிப் பாக்கிறே, உன்னுதையும் தின்னுட்டேன்னா?" என்றாள். கன்னம் உப்பியிருக்கிறது. கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். "மாமாகிட்டச் சொல்லு, நான் சுண்டெலி இல்ல, பெருச்சாளி ஆயிட்டேன்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அப்பா என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

எடை பார்க்கிற நர்ஸ் கை தட்டினார். இயந்திரத்தில் போட நாள் குறித்துவிட்டார்கள். அது முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ வரலாம். ஊசி ஏதாவது தெரிந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்.

தங்கை


பிப்ரவரி 27

என் தங்கமே,

வயிற்றில் பால் வார்த்தாய். உன் கடிதத்தைக் கடையில் எல்லாரிடமும் காட்டினேன். படிக்கத் தெரியாதவர்களிடமும் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போதே தயார். முதலில் பூந்தொட்டிக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடிக்கு வருகிறேன். பெருச்சாளிக்குப் பயந்து எங்கள் கடை எலிகள் மூட்டையைக் காலி செய்துகொண்டிருக்கின்றன என்று சொல்லி வை.

மாத்திரைக்கு டாக்டரம்மா என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லையே? அடுத்தவர் எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிறவள், நீயே ஒரு வரியை விட்டுவிட்டாயா?

உன் அண்ணன்


மார்ச் 8

அண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதே. படித்து முடித்த பிறகு உனக்கே வரத் தோன்றாது.

நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் அவள் சாப்பிட மாட்டாள். சாப்பிடாவிட்டால் எடை இல்லை, எடை இல்லாவிட்டால் இடம் இல்லை. கணக்கு எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்த சத்து மாத்திரை என்று அவளிடம் சொல்லிக் காலையும் மாலையும் கொடுத்தேன்.

இயந்திரத்தில் போட்டார்கள். அசையாமல் கிடந்தாள். எடுத்த பையைப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். இன்னொரு டாக்டரும் இருந்தார்.

"என்னம்மா கொடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"ஒண்ணும் இல்லாம முகம் இப்படி வீங்காது. சர்க்கரை ஏறாது. நாங்க எடுக்க வந்த அணுக்கள் ரத்தத்துல பாதிகூட இல்ல. எடுத்ததும் வளர மாட்டேங்குது. இது ஸ்டீராய்டு வேலை. யார் கொடுத்தது?"

பசியைக் கிளப்புவது அதுதானாம். வலியை அடக்குவதும் அதுதானாம். காவல் அணுக்களை அடித்துப் படுக்க வைப்பதும் அதுவேதானாம். எதை எழுப்ப ஊர் விட்டு ஊர் வந்தேனோ, அதைத் தினம் இரண்டு வேளை நானே தூங்கவைத்திருக்கிறேன். அவள் கன்னம் உப்பியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் இருவரும் என் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்ட பெற்றவளே மறைத்துக் கொடுத்திருந்தால் பிள்ளையைச் சோதனையிலிருந்து நீக்கிவிட வேண்டும், அதுதான் விதி. நாளைக்கு அந்தத் தாயை நம்பி எதையும் கொடுக்க முடியாது. வேறு யாராவது ஏமாற்றிக் கொடுத்திருந்தால், மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை காத்திருந்து இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

என் வாய் தானாகத் திறந்தது. "எங்க அண்ணன் சத்து மாத்திரைன்னு சொல்லி அனுப்பினான். நான் நம்பிட்டேன்" என்றேன்.

உன் தலையை உருட்டச் சொல்லி நீயே எழுதியிருந்தாய்.

உன் கைப்பட ஒரு கடிதம் கேட்கிறார்கள். டாக்டரம்மாவுக்கு எழுதி அனுப்பு. உன்னை இனி வார்டுக்குள் விட மாட்டார்கள். அவளை விட்டுவிட்டு வேறெங்கோ குடும்பம் நடத்துகிற அவள் அப்பாவையா கூப்பிட முடியும்? என்னை வெளியே அனுப்பினால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? உன்னை அனுப்பினால் நான் இருக்கிறேன். அவ்வளவுதான் அப்போது யோசித்தேன்.

தங்கை


மார்ச் 12

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் யாரிடமும் காட்டவில்லை.

நீ கேட்டதை எழுதித் தனித் தாளில் வைத்திருக்கிறேன். இப்படி எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுக் கொடு:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். நான் அந்தப் பிள்ளையின் தாய்மாமன். உங்கள் பூந்தொட்டியை உடைத்தவனும் நான்தான். சத்து மாத்திரை என்று பொய் சொல்லி நான்தான் அனுப்பினேன். என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது. அவள் எல்லாவற்றிலும் பிழை கண்டுபிடிப்பாள், நான் சொன்னால் மட்டும் நம்பிவிடுவாள். அது ஒன்றுதான் அவள் செய்த குற்றம். பிள்ளையை வெளியே அனுப்பாதீர்கள். என்னை அனுப்புங்கள்."

நன்றாக இருக்கிறதா? எனக்கே இந்த ஆள் மேல் கோபம் வருகிறது.

கேட்டுவிட்டுக் கொடு என்று எழுதினேன். கேட்கக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல் என்றேன். நீ கேள்வியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டாய். இதைச் சிரித்துக்கொண்டே எழுதலாம் என்றுதான் நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வரவில்லை.

டாக்டரிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். வார்டு முழுக்கச் சொல்லிக்கொள். சுண்டெலியிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிடு. பணம், படிப்பு, உதவி என்று அவளுக்கு நான் ஒன்றும் செய்தவன் இல்லை. மாமா வந்தால் சிரிக்கலாம் என்று ஒன்று இருந்தது. அதை எடுத்துவிடாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணனுக்கு,

மருந்து உடம்பை விட்டு இறங்கியது. மறுபடி எடுத்தார்கள். இந்த முறை போதுமான அணுக்கள் கிடைத்திருக்கின்றன, ஆய்வுக்கூடத்தில் வளர்கின்றனவாம். உன் கடிதத்தை டாக்டரம்மா கோப்பில் வைத்திருக்கிறார். படித்துவிட்டு, "உங்க அண்ணன் நல்லா எழுதுறார்" என்றார்.

காத்திருந்த நாட்களில் நுரையீரல் புள்ளி ஒன்று பெரிதாகியிருக்கிறது. நாம் இழந்த நாட்களால்தானா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாது" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

அவளிடம் உள்ளதைச் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் கன்னம் வற்றி, பசி போய், முன்னைவிட மோசமாகக் கிடந்தாள். "மாமா ஏம்மா என்னை ஏமாத்தினாரு?" என்று கேட்டாள். உன் எலிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன், காதைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருக்கிறது. என் மேல் கோபப்பட்டால், ஊசி போடும்போது யார் கையைப் பிடித்துக்கொள்வாள்?

நீ வாசலுக்கு வந்தால் தெரிய வேண்டும் என்று உன் போட்டோவை வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறார்கள். நீ மயங்கி விழுந்த அன்று எடுத்தது. நெற்றியில் பிளாஸ்திரி இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாட்கள் போகப் போக யோசித்துப் பார்க்கிறேன். நான் பசிக்குத்தான் கேட்டேன். என்னவென்றே தெரியாத ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் குழந்தைக்கு அனுப்பியது நீ. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை அழுத்திக் கேட்டிருக்கலாம். தப்பு செய்தவர்கள் யார் என்று எழுதினால் உன் பெயரும் வரும். முதலில்கூட வரலாம்.

தங்கை


ஏப்ரல் 7

முதலில் வரட்டும். வந்துவிட்டுப் போகட்டும்.

வாட்ச்மேனையும் போட்டோவையும் நான்தான் உவமை சொன்னேன். அதில் திருடன் நான் என்று அப்போது தெரியவில்லை.

நீ என் பெயரைச் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. பிள்ளைக்காகச் சொன்னாய், உன் இடத்தில் நான் இருந்தால் நானும் யார் பெயரையாவது சொல்லியிருப்பேன். ஆனால் இப்போது அதை நீயே நம்ப ஆரம்பித்துவிட்டாய். டாக்டருக்காகச் சொன்ன பொய் என்று தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டே பேர் இருந்தோம். இனி நான் ஒருவன்தான்.

எனக்குப் பதில் எழுதாதே. நானும் எழுதப்போவதில்லை. கடையில் வேலை நிறைய இருக்கிறது.


ஜூன் 2

அண்ணா,

எழுதாதே என்றாய். நானும் கோபத்தில் இருந்தேன். ஆனால் நடந்ததைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

ஏப்ரல் கடைசியில் அணுக்களை உள்ளே விட்டார்கள். இவ்வளவு நாள் காத்திருந்தது ஒரு சின்னப் பை. மஞ்சள் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. "இவ்வளவுதானா?" என்று அவளே கேட்டாள்.

பிறகு காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடுகிற நடுக்கம். பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றாள். டாக்டர்கள் முகத்தில் பயமும் இருந்தது, ஒரு மாதிரி சந்தோஷமும் இருந்தது. அணுக்கள் சண்டையைத் தொடங்கிவிட்டன, அதனால் வருகிற காய்ச்சல் என்றார்கள். ஏதாவது கொடுத்து அடக்குங்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அடக்க ஒரு மருந்து இருக்கிறது, ரொம்ப முடியாமல் போனால்தான் கொடுப்போம், கொடுத்தால் சண்டையும் அடங்கிவிடலாம் என்றார்கள். என்ன மருந்து என்று கேட்டேன். அதே ஸ்டீராய்டு. கேட்ட வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். கொடுக்காமலேயே இறங்கிவிட்டது.

போன வாரம் ஸ்கேன். இரண்டு புள்ளிகள் சுருங்கியிருக்கின்றன. பெரிதான அந்த ஒன்று சுருங்கவும் இல்லை, வளரவும் இல்லை. டாக்டரம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "பலிச்சிருக்குன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை கொடுத்துப் பார்ப்போம்" என்றார். எத்தனை மாதம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தீவிர சிகிச்சை அறையிலிருந்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தாழ்வாரத்தில் சுற்றிவரச் சொல்கிறார்கள். உலோகம் வைத்த தொடைப் பக்கம் இருக்கை அழுத்துகிறது, கொஞ்ச நேரத்தில் அழ ஆரம்பித்துவிடுகிறாள். உன்னிடம் எதையும் கேட்கிற வாய் எனக்கில்லை. கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

நேற்று நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "அம்மா, மாமா கிண்டல்தானே பண்ணுவாரு. பொய் சொல்ல மாட்டாரே."

நான் உறையை மாற்றிக்கொண்டே இருந்தேன். மாற்றிய பிறகும் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள்.

தங்கை


ஜூன் 9

தங்கச்சிக்கு,

சக்கர நாற்காலிக்கு நான் தைத்த மெத்தை வந்து சேர்ந்திருக்கும். நுரைப் பஞ்சை இரண்டு அடுக்காக வைத்து, தொடையில் உலோகம் வைத்த பக்கம் மட்டும் பள்ளம் விட்டு, மேலே ரெக்சின் போட்டிருக்கிறேன். நர்சுகள் மருந்துத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. பள்ளம் இடது பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு என்னைத் திட்டாதே.

அவள் கேட்டதற்கு நீ பதில் சொல்லாமல் விட்டதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. எழுதினால், பரவாயில்லை விடு என்று முடிக்க வேண்டிவரும். நான் இன்னும் அந்த இடத்துக்கு வந்து சேரவில்லை. எப்போது வருவேன் என்றும் தெரியாது. புள்ளிகள் சுருங்கியது மட்டும் போதும் என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.

மெத்தையோடு ஒரு சட்டையும் வந்திருக்கும். அது எப்படி வந்தது என்று எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வாய்.

வாசலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார். "நேர்ல பரவாயில்லையே சார்" என்றார். உள்ளே போகக் கேட்கவில்லை, இதை மட்டும் மூன்றாம் மாடிக்குக் கொடுத்தால் போதும் என்றேன். நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். "உள்ளே மாத்திரை கீத்திரை ஏதும் இல்லியே?" என்றார். மெத்தையை அவரிடமே நீட்டினேன். பிளேடு எடுத்து ஓரத்தைக் கிழித்து, பஞ்சுக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தார். இல்லை. "மன்னிச்சுக்குங்க சார், வேலை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பிளேடையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னிடம் வளைந்த ஊசியும் நூலும் எப்போதும் இருக்கும். வாசல் படியில் உட்கார்ந்து, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, கிழித்த இடத்தைத் தைத்தேன். இரட்டை நூல், நெருக்கத் தையல். அதை இனி யாராலும் பிரிக்க முடியாது. முடிச்சுப் போட்டு எழுந்தேன். மெத்தையும் கூடவே எழுந்தது. நான் போட்டிருந்த சட்டையின் முன்பக்கத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து உங்கள் வார்டு நர்ஸ் இறங்கி வந்தார். லிப்டைப் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், சீக்கிரம் கொடுங்கள் என்றார். சட்டையைக் கழற்றி மெத்தையோடு கொடுத்துவிட்டேன். அவர் இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடினார். பனியனோடு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். திரும்பி வருகிற டிக்கெட்டும் இருந்த பணமும் சட்டைப் பையில் இருந்தன. சட்டை மூன்றாம் மாடியில் இருந்தது. வழியில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் என்னை இறக்கிவிட்டார்.

அண்ணன்